புரட்டாசியில் ஒருமுறை, தையில் ஒருமுறை: கடலூர், புதுச்சேரி வீட்டுத் தோட்டத்துக்கும் புல்தரைக்கும் முழு வழிகாட்டி

தோட்டத்தைச் சுத்தம் செய்வது எப்படி என்று இணையத்தில் தேடினால் வசந்த கால வேலை, இலையுதிர் கால வேலை என்று இரண்டு பட்டியல் கிடைக்கும். செப்டம்பரில் புல்விதை தூவு, அக்டோபரில் இலை வாரு, பனி விழும் முன் கடைசி உரம் போடு. பாரிஸிலோ டொராண்டோவிலோ இருக்கும் சொந்தக்காரர்களுக்கு அது சரியான யோசனை. அங்கே பெரும்பாலும் குளிர்ப் பிரதேசப் புல். செப்டம்பர் குளிர்ச்சியில்தான் அது நன்றாக வேர் விடும். நம்முடைய அருகம்புல்லும் கொரியன் புல்லும் வெயில் குடித்து வளர்பவை. கடலூரில் அக்டோபரில் விதை தூவினால் அது கெடிலம் ஆறு வழியாகக் கடலுக்குத்தான் போகும்.

நமக்கும் பருவம் இரண்டுதான், தேதிகள்தான் வேறு. வருட மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்க்கிற கரை இது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததை இந்தப் பக்கம் யாரும் மறக்கவில்லை. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அடுத்த இரண்டு நாளில் தென்பெண்ணை ஆறு கடலூருக்குள் வந்துவிட்டது. அதனால் புரட்டாசியில் செய்யும் வேலை அழகுக்கானது இல்லை, சேதத்தைக் குறைப்பதற்கு. புல்லைப் பார்த்துப் பார்த்து வளர்க்கிற வேலையெல்லாம் தை கடைசியில்தான் தொடங்குகிறது. இந்த இரண்டையும் மாற்றிச் செய்வதால்தான் பல வீடுகளில் உழைப்பு வீணாகிறது.

முதலில் உங்கள் மண்

தேவனாம்பட்டினம், குருசுக்குப்பம் போன்ற கடலோரத் தெருக்களில் மணல். கேப்பர் மலை, காலாப்பட்டு, ஆரோவில் பக்கம் செம்மண். பாகூர் ஏரிப் பாசனப் பகுதியில் களி. ஈர மண்ணைக் கையில் பிடித்து உருட்டிப் பாருங்கள். உருண்டையே பிடிக்கவில்லை என்றால் மணல். உருண்டு, விரலால் தட்டினால் உதிர்ந்தால் செம்மண் கலப்பு. திரி திரிக்கும் அளவுக்கு நீண்டால் களி. மணலுக்கு மக்கு எரு அதிகம் வேண்டும், களிக்கு வடிகால் வேண்டும். மற்றதெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

## புரட்டாசி வேலை: மேலிருந்து கீழே

வரிசை முக்கியம். மரம், கூரை, வடிகால், தரை, கடைசியில் புல். முதலில் புல்லை வெட்டிச் சுத்தம் செய்துவிட்டு அப்புறம் மரம் கழித்தால், அதே இடத்தை இரண்டாவது தடவை பெருக்க வேண்டும்.

தென்னை. மரம் ஏறுகிறவரிடம் புரட்டாசி பிறந்ததுமே சொல்லி வையுங்கள். ஐப்பசி வந்துவிட்டால் ஊரே அவரைத் தேடும். காய்ந்த மட்டை, தொங்குகிற மட்டை, முற்றிய காய், வெற்றுப் பாளை, பன்னாடை எல்லாம் இறங்கட்டும். பச்சை மட்டையைக் கழிக்க வேண்டாம் என்று கீழே இருந்தே சொல்லிவிடுங்கள். நல்ல மரத்தில் முப்பதுக்கு மேல் மட்டை இருக்கும். மாதத்துக்கு ஒன்று என்ற கணக்கில்தான் புதிதாக வரும். பத்தைக் கழித்தால் ஒரு வருடச் சம்பாத்தியம் போச்சு. காற்றுக்குப் பயந்தால் அடிவரிசையில் நாலைந்தை மட்டும் எடுத்தால் போதும்.

அவர் மேலே இருக்கும்போதே குருத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். விரிந்த இலை விசிறி வடிவில் வெட்டுப்பட்டிருந்தால் காண்டாமிருக வண்டு வந்திருக்கிறது என்று அர்த்தம். வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, மரத்துக்குச் சுமார் 150 கிராம் வீதம் உள் மட்டைகள் மூன்றின் இடுக்கில் போட்டு வரச் சொல்லலாம். கூலி ஒன்றுதான், வேலை இரண்டு முடியும்.

முருங்கை. காற்றில் முதலில் ஒடிவது இதுதான். நீண்ட கிளைகளைத் தயங்காமல் நெஞ்சு உயரத்துக்குக் கழித்துவிடுங்கள். தையில் மறுபடி தழைத்துவிடும். வெட்டு சாய்வாக இருக்கட்டும், தண்ணீர் மேலே நிற்கக் கூடாது. வெட்டிய வாயில் ஒரு பிடி சாணம் அப்புகிற பழைய வழக்கம் நல்லதே. கழித்ததில் மூன்று, நான்கு அடிப் போத்துகளைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம்.

வேம்பு, பூவரசு, வாதாம். இவற்றை மொட்டையடிக்கும் பழக்கம் இங்கே அதிகம். மொட்டையடித்த இடத்தில் கொத்தாகக் கிளைக்கிற போத்துகள் மரத்தோடு சரியாக ஒட்டுவதில்லை. அடுத்த புயலில் முதலில் பிய்ந்து விழுவது அவைதான். அதற்குப் பதில் உள்ளே அடர்ந்திருக்கும் கிளைகளில் நாலில் ஒன்றை எடுத்து, காற்று உள்ளே புகுந்து வெளியே போக வழிவிடுங்கள்.

மணிக்கட்டை விடக் கனமான கிளையை ஒரே வெட்டில் வெட்டாதீர்கள். பாதி வெட்டும்போதே கிளை தன் கனத்தில் தொங்கி, தண்டுப் பட்டையை முழ நீளத்துக்கு உரித்துக்கொண்டு விழும். தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளி, முதலில் அடிப்பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு ரம்பம் போடுங்கள். அதிலிருந்து இரண்டு விரல் வெளியே தள்ளி மேலிருந்து அறுங்கள். கிளை பட்டை உரியாமல் விழும். மிச்சமிருக்கும் கட்டையைக் கடைசியில் எடுங்கள். தண்டோடு சேரும் இடத்தில் ஒரு வளையம் புடைத்திருக்கும். அதை விட்டுவைத்து அதற்கு வெளியே அறுத்தால்தான் காயம் மூடும்.

மா. கவாத்து செய்வதானால் காய் முடிந்ததும் ஆடி, ஆவணிக்குள் முடித்திருக்க வேண்டும். புரட்டாசியில் காய்ந்த குச்சியை மட்டும் எடுங்கள். இப்போது கனமாக வெட்டினால் மரம் தளிர் விடப் போய்விடும், மார்கழி, தையில் பூ குறையும்.

வாழைக்கும் பப்பாளிக்கும் சவுக்குக் கம்பு முட்டுக் கொடுங்கள். சவுக்கு நம் மாவட்டத்துப் பயிர், தேடி அலைய வேண்டாம். கயிறு தண்டை அறுக்காமல் இருக்கப் பழைய துணி சுற்றிக் கட்டுங்கள்.

மின்கம்பிக்கு அருகில் இருக்கும் கிளையை மட்டும் நீங்கள் தொடாதீர்கள், தொரட்டியும் போகக் கூடாது. கடலூர் என்றால் மின்வாரியம், புதுச்சேரி என்றால் மின்துறை. சொன்னால் லைனை நிறுத்திவிட்டு வெட்டிக் கொடுப்பார்கள். மழைக்கு முன் அவர்களே பராமரிப்பு நாள் அறிவிப்பார்கள், அன்றைக்கு ஆளைப் பிடிப்பது சுலபம்.

கூரையும் மழைநீர்த் தொட்டியும். மொட்டை மாடியில் குழாய் வாயை அடைத்திருக்கும் வேப்பிலையையும் காக்கைக் கூட்டுக் கம்பியையும் எடுங்கள். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, கீழே முழுதாக வருகிறதா என்று பாருங்கள். தமிழ்நாட்டில் 2003-இல் எல்லா வீட்டிலும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமானது. கட்டிய பிறகு ஒருமுறைகூடத் திறக்காத தொட்டிகள்தான் தெருவுக்கு நாலு. மூடியைத் திறந்து ஜல்லியை வெளியே எடுத்து, கழுவி, காயவைத்து மறுபடி போடுங்கள். அடியில் படிந்த சேறு ஒரு சட்டி அளவு இருந்தாலே தண்ணீர் இறங்காது.

வடிகால். வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்பக்கமாகத் தரை சரிய வேண்டும். பத்தடிக்கு நாலைந்து அங்குலம் இறங்கினால் போதும். ஒரு குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தாலே தெரியும். தெருவை மேல் மேலாகப் போட்டு உயர்த்திய இடங்களில் வாசலே பள்ளமாகிவிட்டது, அது வீட்டுக்காரர் கையில் இல்லை. அப்படிப்பட்ட வீட்டில் புல்தரை ஓரமாக ஒரு சாண் அகலம், ஒன்றரைச் சாண் ஆழம் கால்வாய் வெட்டி ஜல்லி போட்டு, மழைநீர்த் தொட்டிக்குக் கொண்டுபோய் விடுங்கள்.

தரை. பறக்கக்கூடியது எது, தண்ணீர் தேங்கக்கூடியது எது என்று இரண்டே கேள்வி. தகரம், பிளாஸ்டிக் நாற்காலி, தொட்டிச் செடி, அடுக்காத செங்கல் முதல் வகை. இரண்டாவது வகையில் டயர், கொட்டாங்கச்சி, உடைந்த குடம் எல்லோருக்கும் தெரியும். மறந்துபோவது கொல்லையில் கிடக்கும் பழைய ஆட்டுக்கல்லும் உரலும். உரல் குழியில் நிற்கும் தண்ணீர் பார்க்கத் தெளிவாகத்தான் இருக்கும். குனிந்து பார்த்தால் சிறு புழுக்கள் நெளிந்து நெளிந்து மேலே வந்து போகும். டெங்கு கொசு விரும்புவது இந்தத் தெளிந்த தண்ணீரைத்தான், சாக்கடையை அல்ல. முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். பாத்திரச் சுவரில் ஒட்டிய முட்டை, தண்ணீர் இல்லாமலே மாதக்கணக்கில் காத்திருக்கும். ஆகவே கொட்டினால் மட்டும் பத்தாது, தேய்த்துக் கழுவ வேண்டும். உரலில் மணல் நிரப்பிவிட்டால் கவலையே இல்லை.

செங்கல் குவியல், விறகு, மட்டைக் குவியலைக் கையால் கலைக்காதீர்கள். நீண்ட கம்பால் தட்டி, கொஞ்ச நேரம் விட்டு, மேலிருந்து ஒவ்வொன்றாக எடுங்கள். கண்ணாடி விரியன், கட்டுவிரியன் இரண்டுமே இந்தப் பக்கம் உண்டு. கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கை, காலை அசைக்காமல் 108-ஐ அழைத்து கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனைக்கோ ஜிப்மருக்கோ கொண்டுபோங்கள்.

கடைசியாகப் புல். மழைக்கு முன் ஒரு நல்ல வெட்டு. அருகம்புல்லை மூன்று, நான்கு சென்டிமீட்டருக்கு விடுங்கள். ஒட்ட வெட்டினால் முதல் கனமழையே மேல்மண்ணை அரித்துவிடும். வளரவிட்டால் அடியில் காற்றில்லாமல் அழுகும். எந்த வெட்டாக இருந்தாலும் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. யூரியா இப்போது வேண்டவே வேண்டாம், முதல் மழையோடு கரைந்து போய்விடும். மிஞ்சியதால் வருகிற இளம் புல்லைத்தான் பூஞ்சை முதலில் பிடிக்கும்.

## மழை மாதங்களில்

வேலை குறைவு, கண் வைத்திருப்பதுதான் முக்கியம். ஈரப் புல்லில் நடக்காதீர்கள், மெஷின் ஓட்டாதீர்கள், மண் இறுகிப்போகும். வாரம் ஒரு நாள் தேங்கிய தண்ணீரைக் கொட்டுங்கள். சேற்றில் இறங்கும்போது பூட்ஸும் கையுறையும் இருக்கட்டும். எலிக்காய்ச்சல் வெறும் கால் வெடிப்பு வழியாகவே வரும்.

இரவில் டார்ச் அடித்துப் பார்த்தால் ஆப்பிரிக்கப் பெரு நத்தைகள் சுவரில் ஏறிக்கொண்டிருக்கும். கையுறை போட்டுப் பொறுக்கி உப்புத் தண்ணீர் வாளியில் போடுவதுதான் வழி. செடியைச் சுற்றி உப்புத் தூவுகிறவர்களும் உண்டு, அது மண்ணைக் கெடுக்கும். முருங்கையில் கம்பளிப்பூச்சி தண்டோடு அப்பியிருந்தால் துணி சுற்றிய கம்பில் தீ வைத்துப் பொசுக்குவார்கள், தண்டில் ஒரு நொடிக்கு மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆற்று வெள்ளம் வந்து வண்டல் படிந்துவிட்டால், அது எவ்வளவு கனம் என்று பாருங்கள். விரல் கனத்துக்குக் குறைவாக இருந்தால் விட்டுவிடலாம். காய்ந்து பாளம் வெடிக்கும்போது கிளறிவிட்டால் புல் தானே மேலே வரும், வண்டலும் நல்ல உரம். அதற்கு மேல் என்றால் அரைகுறையாகக் காய்ந்த நிலையில் தட்டை மண்வெட்டியால் பாளமாகத் தூக்கிச் செடிப் பாத்திகளுக்குக் கொண்டுபோங்கள். சேறாக இருக்கும்போது வழித்தால் புல்லும் சேர்ந்து வரும்.

## தை கடைசி முதல் பங்குனி வரை: புல்தரையின் புத்தாண்டு

பொங்கல் முடிந்த கையோடு இறங்கிவிடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். காலையில் பனி இருக்கும்வரை புல் சோம்பலாகத்தான் இருக்கும். ஒரு பிடி மண்ணை எடுத்து நசுக்கினால் உதிர வேண்டும், இரவுக் குளிர் குறைந்திருக்க வேண்டும். பெரும்பாலும் மாசி முதல் வாரத்தில் இரண்டும் சேர்ந்து வரும்.

1. மழைக்காலக் காயத்தைப் பாருங்கள். பழுப்புத் திட்டு எங்கே இருந்தாலும் கையால் இழுத்துப் பாருங்கள். கம்பளம் சுருட்டுவது போலப் புல் கையோடு வந்தால் வேரை வெள்ளைப் புழு தின்றிருக்கிறது. தோண்டினால் வளைந்து சுருண்ட புழு கிடைக்கும். மைனாக்கள் அதே இடத்தில் கொத்திக்கொண்டிருப்பதும் அடையாளம். கிளறிவிட்டுப் பறவைகளுக்கு ஒரு காலை விட்டுவைத்து, வேப்பம் புண்ணாக்குத் தூளைத் தூவி நீர் பாய்ச்சுங்கள். புல் இழுத்தால் வராமல் இலை மட்டும் வட்டமாகப் பழுத்திருந்தால் அது பூஞ்சை. மண் காய்ந்து வெயில் பட்டால் தானாகவே நிற்கும். மருந்து அடிக்க வேண்டிய அவசியம் இந்த மாதத்தில் அபூர்வம்.

2. கோரை. இதுதான் நம் ஊர்ப் புல்தரையின் உண்மையான எதிரி. மேலே பிடித்து இழுத்தால் தாள் கையோடு வரும், கிழங்கு உள்ளேயே இருக்கும். களைக்கொத்தால் ஒரு சாண் ஆழம் தோண்டி மண்ணை மெல்ல உதிருங்கள். கறுத்த கிழங்கு ஒன்று, அதிலிருந்து நூல் அளவு வேர், அதன் நுனியில் இன்னொரு கிழங்கு, அங்கிருந்து பக்கவாட்டில் மூன்றாவது. நூல் அறுந்த இடத்தில் கை நிறுத்தினால் மிச்சம் இருப்பது பத்து நாளில் முளைக்கும். மழை முடிந்து மண் இன்னும் இளகியிருக்கும் தை, மாசிதான் இதற்குச் சரியான நேரம்; சித்திரையில் கடப்பாரைதான் வேண்டும். திட்டு பெரிது என்றால் அந்த இடத்துப் புல்லை மறந்துவிடுங்கள். கத்திரி வெயிலில் நனைத்து, நிறமில்லாத பாலிதீன் விரித்து, ஓரத்தில் மண் போட்டு மூடி நாலைந்து வாரம் விடுங்கள். மேலாக இருக்கும் கிழங்குகள் வெந்துபோகும். ஆழத்தில் இருப்பதை மறு வருடம் தோண்ட வேண்டியிருக்கும். கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை அடித்தால் கோரையோடு அருகும் போய்விடும்.

கோரை தவிர மற்றதெல்லாம் சில்லறை. மூக்கிரட்டையைப் பிடுங்கிப் பொரியல் செய்யலாம். நெருஞ்சியை முள் கட்டும் முன்பும் பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்பும் எடுத்துவிடுங்கள். பார்த்தீனியத்துக்குக் கையுறை கட்டாயம்.

3. செத்தை வாருங்கள். புல்லை விரலால் விலக்கினால் பச்சைக்கும் மண்ணுக்கும் நடுவே பழுப்பு நாராக ஒரு அடுக்கு தெரியும். அரை அங்குலத்துக்கு மேல் இருந்தால் தண்ணீரும் எருவும் மண்ணுக்குப் போகாது. இரும்புப் பல் வாரியால் ஒருமுறை கிழக்கு மேற்காக, ஒருமுறை வடக்கு தெற்காக இழுங்கள். முடித்ததும் தரை பார்க்கச் சகிக்காது. வெயில் விரும்பும் நம் புல்லை அது ஒன்றும் செய்யாது, மூன்று வாரத்தில் மூடிவிடும். இதையே புரட்டாசியில் செய்தால்தான் ஆபத்து.

4. வழக்கத்தை விடத் தாழ்வாக ஒரு வெட்டு. வருடத்தில் இந்த ஒருமுறை மட்டும் மூன்றில் ஒரு பங்கு விதியை மீறலாம். இரண்டு சென்டிமீட்டர் வரை இறங்குங்கள். பிளேடைத் தீட்டிவிட்டு வெட்டுங்கள். மழுங்கிய பிளேடு பிய்க்கும், நுனியெல்லாம் வெளுக்கும்.

5. துளை போடுங்கள். களி மண்ணுக்கும், ஆள் நடந்து இறுகிய இடத்துக்கும் இது கட்டாயம். கடலோர மணலுக்குத் தேவையில்லை. முந்தின நாள் தண்ணீர் விட்டு, மறுநாள் கவைக் கருவியைக் குத்தி லேசாக ஆட்டி எடுங்கள். கால் அடி இடைவெளி, அரைச் சாண் ஆழம். கருவி இல்லையா, கூரான கடப்பாரை போதும், முதுகுதான் கொஞ்சம் வலிக்கும்.

6. மேல்மண். சலித்த மக்கு எருவும் ஆற்று மணலும் சம பங்கு. மணல் வீடாக இருந்தால் மணலுக்குப் பதில் செம்மண். அரை அங்குலத்துக்கு மேல் போடாதீர்கள், புல் நுனி வெளியே தெரிய வேண்டும். தென்னந்துடைப்பத்தின் அடிப்பக்கத்தால் தள்ளித் தள்ளித் துளைக்குள் இறக்குங்கள். பள்ளமான இடத்தை ஒரே தடவையில் நிரப்பாமல் மாதம் ஒருமுறையாக உயர்த்துங்கள்.

7. உரம். புதுத் தளிர் தெரிந்த பிறகுதான். 100 சதுர அடிக்கு 5 கிலோ மண்புழு உரம் அல்லது 75 கிராம் யூரியா. யூரியாவை மணலோடு கலந்து மாலையில், புல் உலர்ந்திருக்கும்போது தூவி, உடனே தண்ணீர் விடுங்கள். அப்படியே விட்டால் விழுந்த இடமெல்லாம் கருகும். இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்புச் சத்துக் குறைவு. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (ஃபெரஸ் சல்பேட்) கரைத்துத் தெளிக்கலாம். சிமெண்ட் தரையில் பட்டால் துருக்கறை போகவே போகாது, எச்சரிக்கை.

8. வழுக்கை விழுந்த இடம். நர்சரியில் மண்ணோடு விற்கும் புல் பத்தைகளை வாங்கி ஒட்டலாம். அருகம்புல் என்றால் ஓரத்தில் ஓடிய கொடியைக் கணுவோடு துண்டாக்கி நாலு விரல் இடைவெளியில் நட்டாலே மூடிவிடும், செலவில்லை. மாமரத்தடியில் புல் வளர்க்கப் பாடுபடுவதை மட்டும் நிறுத்திவிடுங்கள். ஐந்தாறு மணி நேர வெயில் இல்லாத இடத்தில் எந்தப் புல்லும் நிலைக்காது. அங்கே சருகையே பரப்பிவிடுங்கள், அடிமரத்திலிருந்து ஒரு சாண் தள்ளி.

## சருகை என்ன செய்வது

நம் இலையுதிர் காலம் மாசியில்தான். வேம்பு அப்போதுதான் கொட்டும், பங்குனியில் தளிரும் பூவுமாக நிற்கும். காலையில் கூட்டி மாலையில் கொளுத்துவது பல தெருக்களில் இன்னும் நடக்கிறது. தெருவிலும் பொது இடத்திலும் குப்பை எரிக்கக் கூடாது என்று திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்கின்றன. சட்டத்தை விடுங்கள், ஆஸ்துமாக்காரர் இருக்கும் பக்கத்து வீட்டை நினைத்தாலே போதும். எரித்து முடித்துவிட்டு அதே வாரம் நர்சரியில் எரு மூட்டை வாங்குவது என்ன கணக்கு?

மூன்றடிக்கு மூன்றடி இடம் போதும். பள்ளமான மனையில் குழி வேண்டாம், தரைக்கு மேலேயே செங்கல் இடைவெளி விட்டு அடுக்குங்கள். ஒரு முழம் சருகு, அதன்மேல் பச்சைக் களையும் காய்கறித் தோலும், சாணிக் கரைசல் ஒரு வாளி, ஒரு கூடை மண், இப்படியே ஏற்றுங்கள். பிழிந்தால் துளி வரும் அளவு ஈரம் இருக்க வேண்டும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை கிளறினால் நாலு மாதத்தில் எரு. மாவிலையும் வாதாம் இலையும் தாமதமாக மக்கும். புல்வெட்டும் மெஷினை அவற்றின்மேல் ஓட்டித் தூளாக்கிப் போடுங்கள். கோரைக் கிழங்கு மட்டும் உள்ளே போகக் கூடாது. கிளறும்போது கட்டைவிரல் கனத்தில் வெள்ளைப் புழு வந்தால் எடுத்துக் கோழிக்குப் போடுங்கள். தென்னையை மொட்டையாக்கும் காண்டாமிருக வண்டின் குஞ்சுகள் அவை. விழுந்த தென்னந்தண்டைக் கொல்லையில் அப்படியே விட்டுவைத்தாலும் அவை பெருகும். புயலுக்குப் பின் தண்டுகளை முதலில் அப்புறப்படுத்தச் சொல்வது இதற்காகத்தான்.

தென்னை மட்டை குழியில் மக்காது. ஈர்க்கைச் சீவினால் துடைப்பம், மட்டையைப் பிளந்து நட்டால் பாத்தி ஓரம்.

## கத்திரியைக் கடக்க

சித்திரை பிறந்ததும் மெஷினின் உயரத்தை ஒரு படி ஏற்றிவிடுங்கள். நீண்ட இலை தன் வேருக்குத் தானே நிழல். தினமும் மாலையில் பைப்பைப் பிடித்துத் தெளிப்பது மனதுக்கு இதம், புல்லுக்கு இல்லை. வேர் மேலேயே நின்றுவிடும். வாரத்துக்கு இரண்டு, மணலானால் மூன்று முறை, விடியற்காலையில் ஆழமாக விடுங்கள். போதுமா என்று தெரிய, ஸ்க்ரூ டிரைவரை மண்ணில் அழுத்துங்கள்; விரல் நீளம் தடையில்லாமல் இறங்க வேண்டும்.

கடலோர வீடுகளில் போர் தண்ணீர் உப்பாக இருக்கும். தினசரித் தெளிப்பால் உப்பு மேலேயே தங்கி, மண்ணில் வெள்ளை பூத்து, புல் நுனி கருகும். அந்த வீடுகளில் மாதத்துக்கு ஒருமுறை தண்ணீரை வழக்கத்தைப் போல இரண்டு மடங்கு விட்டு உப்பைக் கீழே கழுவி இறக்குங்கள். ஆடி, ஆவணியில் மாலையில் இடி மழை பெய்யும்போது மாடித் தண்ணீர்க் குழாயைத் தொட்டிக்குப் பதில் புல்தரைப் பக்கம் திருப்பிவிடலாம். இரண்டு நல்ல மழை போதும், நுனி மறுபடி பச்சையாகிவிடும்.